ஜோடியாகத்தான் விற்பார்கள்

சயான் ஸ்டேஷனுக்கு மேற்கே
கோலாப்பூர் செருப்புக்கடைக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவில்
இம்தியாஸ் பாயின் கண்ணாடிக்கடை.
சனிக்கிழமை மத்தியானம்
ஆறு பெண்கள் கண் வாங்க நின்றோம்.

டிசம்பர், கல்யாண சீசன்.
சாம்பல், பச்சை, கடல்நீலம்,
துருக்கித் தேன் என்று பெயர் வைத்த ஒரு மஞ்சள்.
நாத்தனார் நிச்சயத்துக்குப் பூனைக்கண் கேட்டாள் ஒருத்தி.
இன்னொருத்தி லெஹங்கா ஓரத்தை வெட்டி
சாம்பிளுக்கு எடுத்து வந்திருந்தாள்.

என்ன கலர் தீதி, என்றாள் ப்ராச்சி.
என் கண் கலர், என்றேன்.
சிரிக்கப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள்.
சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள்.

என் இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது.
எங்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வோம்.
எந்த மரம், யார் உலுக்கியது என்று
யாரும் கேட்பதில்லை.

அப்பாவின் சுண்ணாம்பு டியூப்.
தாராவித் தோல்கூடத்திலிருந்து வந்து
புகையிலையில் தேய்த்துவிட்டு ஜன்னலில் வைத்திருந்தார்.
எவ்வளவு தூரம் பீய்ச்சும் என்று பார்க்க
எட்டு வயதில் அமுக்கினேன்.
வாய் அடைத்திருந்தது, பக்கவாட்டில் வெடித்தது.
அவ்வளவுதான் கதை.
அதற்குப் பிறகு அவர் புகையிலை போடவில்லை.
என் முகம் பார்த்துப் பேசவும் இல்லை.

பதினாறு ப்ரவுன் இருந்தது கடையில்.
காபி, பாதாம், சாக்லேட், மழைமண்.
ஒவ்வொன்றையும் என் வலது கண்ணருகே பிடித்து
உதட்டைப் பிதுக்கினாள் ப்ராச்சி.
டார்ச் அடித்து, அவள் தின்ற பெருஞ்சீரகம் எனக்கு மணக்கும் வரை
நெருங்கினாள்.

இருபது வருஷமாக எல்லோரும் இடதைத்தான் பார்த்தார்கள்.
பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி
என் காதைப் பார்த்தார்கள்.
நல்ல கண்ணை ஒருவரும் பார்த்ததில்லை.
நானும்தான்.

தீதி, இது கறுப்பே இல்லை, என்றாள்.
ஓரத்தில் ஒரு வளையம், நனைந்த சாக்கு மாதிரி.
உள்ளே டீ. கட்டிங் குடித்து முடித்ததும்
கிளாஸ் அடியில் தங்குமே, அது.
கீழே, அஞ்சு மணிக்கு முள் நிற்கிற இடத்தில்
ஒரு துரும்பு மஞ்சள்.

கண் நிறம்: கறுப்பு என்று
நான் நிரப்பிக் கொடுத்த படிவங்கள்
எந்தெந்த அலுவலகத்தில் கிடக்கின்றனவோ.

அச்சடித்தது பொருந்தாது, கையால் வரையணும், என்றார் பாய்.
மூணு வாரம். ஜோடி ஒன்பதாயிரம்.
எனக்கு ஒன்று போதும் பாய்.
ஜோடியாகத்தான் விற்போம்.
பக்கத்துக் கடையில் ஒற்றைச் செருப்பு கேட்டுப் பாரேன்.
இன்னொன்றை என்ன செய்ய?
இடதுக்கே இரண்டு. ஒன்று எப்படியும் வாஷ்பேசினில் போகும்,
எல்லோருக்கும் போகும்.
ஏழாயிரத்து ஐந்நூறில் முடிந்தது.

கிளம்பிப் போனவள் திரும்பி வந்து சொன்னேன்:
அந்த மஞ்சளை வரைய வேண்டாம்,
அது வலதுக்கு மட்டும் இருக்கட்டும்.

மூன்று வாரம் கழித்து
மாட்டிக்கொண்டு கல்யாண் ஸ்லோவில் ஏறினேன்.
இடது பக்கம் எனக்கு எப்போதும் இருட்டுதானே,
ஒரு மீன்காரம்மா காலை மிதித்துவிட்டேன்.
அந்தி ஹை க்யா, என்று கத்தினாள்.
குருடா நீ, என்று
இருபது வருஷத்தில் முதல்முறையாக
ஒருத்தி வாய் நிறையத் திட்டினாள்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
சிரிப்புதான் வந்தது. அவள் இன்னும் திட்டினாள்.
முலுண்ட் வரைக்கும் திட்டினாள்.

கல்வாவில் அப்பா கதவைத் திறந்தார்.
ரயில் லேட்டா, என்று
என் தோள்பட்டையைக் கேட்டார்.
ஆமாம்ப்பா, என்றேன்.

ராத்திரி கழற்றி, கழுவி,
இடது கிண்ணத்தில் மிதக்கவிட்டேன்.
வலதில் உதிரி.
முகம்பார்க்கும் கண்ணாடியில் பூ திரும்ப வந்திருந்தது.
ஃபோன் டார்ச்சைப் போட்டு
மூக்கு இடிக்கக் கிட்டே போய்
அஞ்சு மணியைத் தேடினேன்.
இருக்கிறது.

லைட்டுதான் எரியுதே செல்வக்கனி,
டார்ச் எதுக்கு, என்றார் அப்பா
வெளியிலிருந்து.